நிவித்திகல ஈரத் தோட்டம்: சுதேசத் தாவரத் தேர்வு

இரத்தினபுரி மாவட்டத்தின் நிவித்திகல இலங்கையின் ஈரவலயத்தைச் சேர்ந்தது. மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் கான் ஓரங்களும் வீட்டுத் தோட்டத்தின் தாழ்ந்த மூலைகளும் சொதசொதவென்று ஆகிவிடும். இந்த ஈரத்தை வடித்துவிடுவதைவிட அதற்குப் பழகிய செடிகளை நடுவதே நல்லது.

இங்கு முதலிடம் கொகிலாவுக்கு. சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்த இந்த முட்செடி சேற்றிலேயே செழிக்கும். அதன் கிழங்கும் இளந்தளிரும் கறியாகும். தண்டில் முள் இருப்பதால் குழந்தைகள் நடமாடும் பாதையிலிருந்து தள்ளி நட வேண்டும். அதே குடும்பத்தின் கெட்டல ஓடைக்கரை நிழலில் அடர்ந்து வளரும். ஆனால் அது நச்சுத்தன்மை உடையது, உண்ணக் கூடாது.

வெயில் படும் ஈர வரப்புக்கு வல்லாரை. கணுவுக்குக் கணு வேர்விட்டு மண்ணை மூடிப் பரவும், சம்பலுக்கும் உதவும். நீர்ப்பிரமியும் அங்கே வளரும்.

மருது ஆற்றங்கரை மரம். வேர் கரையைப் பிடித்து நிறுத்தும் என்றாலும், வீட்டு வாசலுக்கு அது மிகப் பெரியது.

தேங்கிய நீருக்கு நீல அல்லி பொருந்தும். அது இலங்கையின் தேசிய மலர். நுளம்பு பெருகாதிருக்க அந்த நீரில் சிறு மீன்கள் விட வேண்டும்.

அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆகாயத்தாமரை நீர்நிலைகளை அடைத்ததால், அதைக் கட்டுப்படுத்த இலங்கையில் 1909இலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. அதை எந்தத் தோட்டத்திலும் விடாதீர்கள்.