நாய்க்கு எட்டணா!

கோவிலம்பாக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. காலை வாக்கிங்கில் ஐந்து நிமிஷம் கிழக்கே நடந்தால் நாராயணபுரம் ஏரி. இன்னும் கொஞ்ச தூரம் போனால் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். எதிர்த் திசையில் திரும்பினால் நன்மங்கலம் காடு. டாக்டர் நடக்கச் சொன்ன நாளிலிருந்து நானும் நடக்கிறேன்.

ஒருநாள் ஏரி ஓரத்துக் கட்டாந்தரையில் ஆள்காட்டிக் குருவி ஒன்று 'கூச்சல் போட்டு' ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தது. இந்தப் பறவைக்குக் கூடு கட்டும் வழக்கமே கிடையாது. கூழாங்கற்களுக்கு நடுவே லேசாக ஒரு பள்ளம், அதில் கல் மாதிரியே நாலு முட்டை... அவ்வளவுதான் பிரசவ வார்டு! அதன் தலைக்கு மேல் நாலைந்து தெருநாய்கள் மோப்பம் பிடித்தபடி வந்துகொண்டிருந்தன. குருவி பாய்ந்து பாய்ந்து இறங்கியது. நாய்கள் சட்டை செய்யவில்லை. இரண்டு நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்த நாய்களில் ஒன்று எனக்குத் தெரிந்த நாய். எங்கள் தெரு முனையில் பக்கத்து வீட்டு அக்கா தினமும் சோறு வைக்கிற பழுப்பு நிறக்காரன். ஞாயிற்றுக்கிழமை சிக்கன் எலும்பு போடுவது யார் என்று கேட்காதீர்கள்... நான்தான்!

முட்டையைக் காப்பாற்றுவதா, நாயைக் காப்பாற்றுவதா? இந்தக் கேள்வி இன்று நேற்று முளைத்ததில்லை. சரி, கொஞ்சம் பின்னால் போவோம்.

1832, ஜூன் மாதம். பம்பாய். வெயில் காலத்தில் தெருநாய்களைக் கொல்லலாம் என்று கம்பெனி சர்க்கார் ஏற்கெனவே சட்டம் வைத்திருந்தது. அந்த வருஷம் அதை மும்முரமாக அமல்படுத்தினார்கள். கொல்கிற நாய் ஒன்றுக்கு எட்டணா பரிசு! எட்டணா அப்போது சின்னக் காசு இல்லை. போலீஸ்காரர்கள் தெருநாய், வீட்டு நாய் என்று பார்க்காமல் அடிக்க ஆரம்பித்தார்கள். பார்சிகளுக்கோ நாய் புனிதமான பிராணி. இறந்தவரின் உடலை நாய் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் சடங்கிலேயே இருக்கிறது. அன்று அவர்களுக்கு விசேஷ நாள் வேறு. கூட்டம் கூடி போலீஸ்காரர்களை அடித்துத் துரத்தியது. மறுநாள் கடையடைப்பு. சிப்பாய்களுக்கு ரொட்டிகூடப் போகவில்லை. கடைசியில் ராணுவம் வந்துதான் அடக்க வேண்டியிருந்தது. நவீன பம்பாயின் ஆரம்ப காலக் கலவரங்களில் ஒன்று நாய்க்காக நடந்தது!

வெள்ளைக்காரனுக்கு நாய் மேல் என்ன கோபம்? கோபம் இல்லை, பயம். வெறிநாய்க்கடி வந்தால் மரணம் நிச்சயம். மருந்தே கிடையாது. பாரீஸில் லூயி பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு முதல் ஊசி போட்டது 1885-ல்தான். நம் பக்கத்துக்கு அந்த வசதி வரவே இன்னும் இருபது வருஷம் பிடித்தது. 1902-ல் ஓர் ஆங்கிலேயப் பெண் சிகிச்சை கிடைக்காமல் இறந்துபோக, அதன் பிறகுதான் வேகம் பிடித்தது. ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வந்தர் கொடுத்த நன்கொடையில் ஒரு பங்கு உதவ, 1907-ல் குன்னூரில் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் திறந்தார்கள். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போட்டுக்கொண்ட தலைமுறைக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே இன்றும் வயிற்றைக் கலக்கும்.

மெட்ராஸ் என்ன செய்தது? 1860-ல் மாநகராட்சி நாய் பிடிக்கும் வேலையைத் தொடங்கியது. பிடி, கொல். அவ்வளவுதான் திட்டம். ஆரம்பத்தில் சராசரியாக ஒரு நாளைக்கு ஒரு நாய்கூட இல்லை. ஆனால் வருஷம் ஆக ஆக எண்ணிக்கை ஏறியதே தவிர, குறையவில்லை. 1990-களின் நடுவில் ஒரு நாளைக்கு 135 நாய்கள் வரை போனது என்று புளூ கிராஸ் கணக்குச் சொல்கிறது. 1970-களில் செத்த நாய்கள் மலைபோல் சேர, அதன் தோலில் கழுத்து டை, பர்ஸ் எல்லாம் செய்து பார்க்க அடையாறில் இருக்கும் தோல் ஆராய்ச்சி நிறுவனம் முனைந்ததாகவும் அவர்கள் எழுதியிருக்கிறார்கள். நாய்த்தோல் டை! நல்லவேளை, ஃபேஷனாகவில்லை.

நான் பி.காம். படித்தவன். எனக்கு இந்தக் கணக்கு உதைக்கிறது. 130 வருஷத்துக்கு மேல் ஒரு கம்பெனி ஒரே செலவை வருஷா வருஷம் ஏற்றிக்கொண்டே போகிறது. சரக்கு இருப்போ குறையவே இல்லை. எந்த ஆடிட்டரும் கேட்கும் முதல் கேள்வி: 'ஐயா, ஓட்டை எங்கே?'

ஓட்டை, குப்பைத் தொட்டியில் இருந்தது. ஒரு தெருவில் பத்து நாய் வாழ்கிறதென்றால், அங்கே பத்து நாய்க்குச் சாப்பாடு இருக்கிறது என்று அர்த்தம். ஐந்தைப் பிடித்துக் கொண்டுபோனால் சாப்பாடு அப்படியேதான் கிடக்கும். பக்கத்துத் தெரு நாய் வரும். மிச்சமிருக்கிற பெட்டை நாயின் குட்டிகள், முன்பு பட்டினியில் சாகிறவை, இப்போது பிழைத்துக்கொள்ளும். வருஷத்துக்கு இரண்டு ஈத்து, ஒவ்வொன்றிலும் நாலைந்து குட்டி. நாய் வண்டியால் இந்த வேகத்தோடு ஓட முடியுமா?

இதை உரக்கச் சொன்னவர்கள் நம் ஊர்க்காரர்கள்தான். விமானி கேப்டன் வி. சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸ், 1964-லிருந்தே 'கொல்லாதீர்கள், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுங்கள்' என்று சொல்லி வந்தது. அதற்கு முன்பே, திருவான்மியூர் கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி மாநிலங்களவையில் விலங்குகளுக்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்து, அதன் தொடர்ச்சியாக 1960-ல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்திருந்தது. இருந்தும் மாநகராட்சி கொலைக்கூடத்தை விட்டுக் கருத்தடைக்கு மாறியது 1996-ல்தான். முப்பத்திரண்டு வருஷம்! 2001-ல் மத்திய அரசு இதையே நாடு முழுக்க விதியாக்கியது.

நான் இந்த மாற்றத்தின் கட்சி. வலது காதில் 'V' வடிவில் ஒரு சின்ன வெட்டோடு சாதுவாகப் படுத்திருக்கும் நாயைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் இந்தக் கதையில் ஒரு சின்னச் சிக்கல் இருக்கிறது. 1832-லிருந்து 1996 வரை நடந்த அத்தனை சண்டையிலும் இரண்டே கட்சிகள்தான். ஒன்று மனிதன், இன்னொன்று நாய். மூன்றாவதாக ஒரு கட்சி இருந்தது. அதை யாரும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை.

கிண்டியைப் பாருங்கள். 1821-ல் ஒரு தனியாரிடமிருந்து 35 ஆயிரம் ரூபாய்க்கு சர்க்கார் வாங்கிய காடு அது. 1910-ல் காப்புக்காடு, 1978-ல் தேசியப் பூங்கா. நடுவில் ஒரு பெரிய துண்டு ஐ.ஐ.டி.க்குப் போனது. மிஞ்சியது 2.7 சதுர கிலோமீட்டர். வெளிமான்கள் அங்கேயும் ஐ.ஐ.டி. வளாகத்திலும் மேய்கின்றன. அவற்றை நாய்கள் துரத்திக் கொல்வது பல வருஷத் தலைவலி. சிறுத்தை இல்லாத காட்டில் நாய்தான் சிறுத்தை! 2021-ல் வளாகத்து நாய்களைப் பிடித்து அடைத்து வைத்தபோது அடைப்புக்குள் சில நாய்கள் இறந்துபோய், அது வேறு விவகாரமாகி கோர்ட் வரை போனது. மானுக்கும் நிம்மதியில்லை, நாய்க்கும் நிம்மதியில்லை.

கடற்கரைக்கு வாருங்கள். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் கரையேறி, மணலைத் தோண்டி நூறு முட்டைக்கு மேல் இட்டுவிட்டுப் போகும். 1988-லிருந்து மாணவர்கள் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவே ராத்திரி முழுக்க நடந்து அந்த முட்டைகளைச் சேகரித்து, வேலி போட்ட பொரிப்பகத்தில் புதைத்துக் காக்கிறார்கள். வேலி யாருக்காக? மனிதர்களுக்காக மட்டுமல்ல... நாய்க்காகவும்தான்.

நாகப்பட்டினம் பக்கம் கோடியக்கரைக்குப் போனால் நாய்க்குப் பதில் குதிரை. வளர்ப்புக் குதிரைகளின் வழிவந்து காட்டுக் குதிரையாகிப்போன மட்டக் குதிரைகள், 1967-ல் வெளிமானுக்காகவே அறிவித்த சரணாலயத்தில் அதே புல்லை மேய்கின்றன. பார்க்க என்னவோ ரம்மியம்தான். மானுக்குத்தான் தட்டில் சோறு குறைகிறது.

நியூஸிலாந்தில் இதைவிட மோசம். ஸ்டீஃபன்ஸ் தீவு என்று ஒரு குட்டித் தீவு. 1894-ல் அங்கே கலங்கரை விளக்கம் வைத்தார்கள். விளக்குக்காரர்களோடு பூனையும் வந்தது. அந்தத் தீவில் பறக்கத் தெரியாத ஒரு சின்னக் குருவி இருந்தது. பூனை அதை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு வந்து போட்டபோதுதான் அப்படி ஒரு பறவை இருப்பதே விஞ்ஞானிகளுக்குத் தெரிந்தது. கண்டுபிடித்த அடுத்த வருஷமே அது சுத்தமாகப் போய்விட்டது.

'அப்போ, பூனையைச் சுட வேண்டியதுதானே?' என்கிறீர்களா? அதையும் செய்து பார்த்தார்கள். ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான மக்குவாரி தீவில் கப்பல்காரர்கள் விட்டுப்போன பூனையும் முயலும் பெருகிக் கிடந்தன. கடல் பறவைகளைத் தின்கிறதே என்று 1985-லிருந்து பூனைகளை ஒழிக்க ஆரம்பித்து, 2000-ல் முடித்தார்கள். பூனைக்குப் பயந்துகொண்டிருந்த முயலுக்குக் கொண்டாட்டம்! முயலைக் கட்டுப்படுத்திய கிருமியும் வலுவிழந்திருந்தது. லட்சத்தைத் தாண்டிப் பெருகி, மலைச்சரிவுப் புல்லையெல்லாம் மொட்டையடித்துவிட்டன. 2006-ல் சரிவு இடிந்து பென்குயின் கூட்டத்தின் மேல் விழுந்தது. அப்புறம் சுமார் இரண்டரைக் கோடி ஆஸ்திரேலிய டாலர் செலவழித்து முயல், எலி, சுண்டெலி மூன்றையும் சேர்த்து ஒழித்து, 2014-ல்தான் பெருமூச்சு விட்டார்கள். கடைசி முயல்களைத் தேடிப் பிடிக்க அவர்களுக்கு உதவியது யார் தெரியுமா? பழக்கிய நாய்கள்!

நாய் வில்லன் இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? எந்த இடத்தில் எந்த நாய் என்பதுதான் விஷயம்.

நம் விதி இடறுவது இங்கேதான். 2001 விதியும் சரி, அதை மாற்றி வந்த 2023 விதியும் சரி, பிடித்த இடத்திலேயே நாயைத் திருப்பி விடச் சொல்கின்றன. தெருவுக்கு இது புத்திசாலித்தனம். தடுப்பூசி போட்ட நாய் தன் எல்லையில் புது நாயை விடாது. ஆனால் சதுப்பு நில ஓரத்தில் பிடித்த நாயையும் சதுப்பு நில ஓரத்தில்தானே விட வேண்டும்! கருத்தடை செய்த நாய் குட்டி போடாது. முட்டை தின்னாது என்று யார் சொன்னது?

2025 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் முதலில் டெல்லி வட்டாரத் தெருநாய்களை எல்லாம் பிடித்து அடைக்கச் சொன்னது. பதினோரு நாளில் அதைத் திருத்தி, ஆபரேஷன் செய்து திருப்பி விடலாம் என்றது. நவம்பரில், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம், விளையாட்டு வளாகம் போன்ற இடங்களிலிருந்து பிடித்த நாய்களை மட்டும் அங்கே திரும்ப விடக்கூடாது என்றது. ஆக, 'இந்த இடத்துக்கு நாய் ஆகாது' என்று ஒரு பட்டியல் போடலாம் என்பது ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது. அந்தப் பட்டியலில் ஆள்காட்டிக் குருவியின் பிரசவ வார்டும் இருந்தால் என்ன?

அதற்கு முன்னால் ஒரு நிபந்தனை. 1965-ல் பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 5,500 ஹெக்டேர். பெரும்பகுதியை நாம் விழுங்கிவிட்டு, 1980-களிலிருந்து அதன் மேலேயே பெருங்குடி குப்பையைக் கொட்டினோம். 2007-ல் ஒரு பகுதியைக் காப்புக்காடாக அறிவித்தார்கள், 2022-ல் ராம்சர் அந்தஸ்து கிடைத்தது. அந்தஸ்து பறவைக்கு, சாப்பாடு நாய்க்கு! 2011-ல் மாநகராட்சி விரிந்தபோது பெருங்குடியும் பள்ளிக்கரணையும் உள்ளே போயின. கோவிலம்பாக்கம் ஊராட்சியாகவே நின்றது. நாய்க்கு வார்டு எல்லை தெரியுமா? இந்தப் பக்கம் ஆபரேஷன் ஆன நாய், அந்தப் பக்கம் ஆகாத நாய். சென்னை மாநகராட்சி 2018-ல் எண்ணியபோது 57 ஆயிரம் நாய்கள். 2024-ல் ஒரு லட்சத்து எண்பதாயிரம். எண்ணிய முறை வேறு என்று வைத்துக்கொண்டாலும், மறுபடி அந்த ஆடிட்டர் கேள்விதான்... ஓட்டை எங்கே?

பக்கத்து வீட்டு அக்காவிடம் முட்டை விஷயத்தைச் சொன்னேன். முகம் வாடிவிட்டது. "அதுக்கு நம்மளை விட்டா யாரு தம்பி இருக்கா?" என்றார். நியாயம்தான். குருவிக்கும் நம்மை விட்டால் யாரும் இல்லை என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "சரி... அவனை ஆபரேஷனுக்குப் பிடிச்சுக் குடுத்துட்டு, எங்க வாசல்லயே கட்டிப் போட்டுடறேன். எலும்பை மட்டும் நீங்க ரோட்டோரம் வீசாதீங்க" என்றார்.

இருநூறு வருஷத் தகராறுக்கு எனக்குத் தெரிந்து இதுதான் உருப்படியான தீர்ப்பு. பழுப்பு நிறக்காரன் இப்போது அக்கா வீட்டு வாசலில் இருக்கிறான். எலும்புகள் மூடி போட்ட வாளிக்குள் போகின்றன. ஏரி ஓரத்தில் மற்ற நாய்கள் இன்னும் சுற்றுகின்றன.

ஆள்காட்டி மறுபடி முட்டை வைத்திருக்கிறது. அதே இடம், அதே கூழாங்கல். தினமும் காலையில் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறேன். இன்று வரை நாலு.