கேரள கலாமண்டலமும் நிளைக்கரைக் கலைச்சுற்றுலாவும்

கேரள கலாமண்டலம், கதகளி, கூடியாட்டம், மோகினியாட்டம், துள்ளல் ஆகிய ஆடற்கலைகளையும் அவற்றுக்குரிய வாத்தியங்களையும் வேஷக்கலையையும் கற்பிக்கும் கலாசாலை; மகாகவி வள்ளத்தோள் நாராயண மேனனும் மணக்குளம் முகுந்தராஜாவும் நிறுவியது; இப்போது நிகர்நிலைப் பல்கலைக்கழகம். நிளா என்று மலையாளிகள் அழைக்கும் பாரதப்புழையின் தென்கரையில், திருச்சூர் மாவட்டத்துச் செறுதுருத்தியில் உள்ளது. அக்கரையில் ஷொரணூர் ரயில் சந்திப்பு இருப்பதால், சிற்றூராயினும் தூரதேசத்தார் எளிதில் வந்தடையும் இடமாயிற்று.

தோற்றம்: பிரபுக்களின் களியோகங்கள் என்னும் கதகளிக் குழுக்களும் நம்பூதிரி இல்லங்களும் அளித்துவந்த ஆதரவு நலிந்து, கதகளி நடிகர் பலர் ஜீவனத்துக்கே வழியின்றியிருந்த காலத்தில், அக்கலையைப் பொதுமக்களின் பொருளைக்கொண்டே காப்பாற்றலாம் என்று வள்ளத்தோள் (1878–1958) துணிந்தார். நிதிக்காக அவர் கண்ட உபாயம் லாட்டரி. கவிதையால் பெற்ற கீர்த்தியனைத்தையும் மூலதனமாக்கி, ஊர் ஊராகச் சென்று சீட்டு விற்கச் செய்தார். இளமையிலேயே செவிப்புலனை இழந்து, அத்துயரைப் ‘பதிரவிலாபம்’ என்னும் காவியமாகவும் பாடியவர் இவர் என்பதும், விடியுமுன்பே செண்டையும் மத்தளமும் முழங்கும் ஒரு வித்தியாலயத்தைக் கட்டியெழுப்பியவரும் இவரே என்பதும் சேர்த்து எண்ணத்தக்கவை.

தொடக்க ஆண்டு பற்றிக் கருத்து வேற்றுமை உண்டு. சங்கமாகப் பதிவு பெற்ற 1927-ஐச் சிலரும், குன்னங்குளத்தில் பயிற்சி தொடங்கிய 1930-ஐப் பலரும் கொள்வர். பின்னர் அம்பலபுரத்துக்கும், 1936-இலோ அதற்கடுத்த ஆண்டிலோ செறுதுருத்திக்கும் பெயர்ந்தது. பட்டிக்காந்தொடி ராவுண்ணி மேனன் தலைமையாசானாக இருந்த அக்காலத்தில், பின்னாளில் கதகளியின் தூண்களாக விளங்கிய நடிகர் பலர் அவருடைய கண்டிப்பான சிக்ஷையில் உருவாயினர். மழைக்காலத்தில் உடம்பில் எண்ணெய் பூசி, ஆசான் காலால் மிதித்து அங்கங்களை வசப்படுத்தும் உழிச்சிலும், கண்ணையும் புருவத்தையும் கன்னத்தையும் தனித்தனியே பழக்கும் அப்பியாசமும் அன்று வகுத்த முறையிலேயே பெரும்பாலும் தொடர்கின்றன.

அயலார் வருகையும் அக்காலத்திலேயே தொடங்கியது. அமெரிக்காவிற் பிறந்த ராகினி தேவி 1930-களின் முற்பகுதியில் இங்கு வந்து கதகளி பயின்று, இங்கே மாணவராயிருந்த கோபிநாத்தோடு பம்பாய் முதலிய நகரங்களில் ஆடினார். இங்கு பயின்ற முதற்பெண் அவரே என்பாரும் உளர். இத்தகையோரின் வரவைச் சுற்றுலாவின் தோற்றமாகக் கொள்ளலாமா, வித்தியார்த்திகளின் யாத்திரையென்று வேறாகவே வைக்கவேண்டுமா என்பது முடிவாகாத விஷயம்.

இடைக்காலம்: 1941-இல் கொச்சி அரசாங்கம் கலாமண்டலத்தை ஏற்றது, 1955-இல் வெள்ளிவிழாவுக்கு ஜவஹர்லால் நேரு வந்தார், 1967-இல் கதகளிக் குழு ஐரோப்பாவிலும் மான்ட்ரியல் உலகக் கண்காட்சியிலும் ஆடியது.

கூத்தம்பலம்: சாக்கியார், நம்பியார் குடும்பங்களுக்கே உரியதாயிருந்த கூடியாட்டத்தை ஏனையோர்க்கும் கற்பிக்க, 1965-இல் பைங்குளம் ராம சாக்கியாரை ஆசானாகக் கொண்டு தனித்துறை தொடங்கப்பெற்றது. அதன் தொடர்ச்சியாக, 1970-களில், டி. அப்புக்குட்டன் நாயரின் திட்டப்படி நாட்டியசாஸ்திர மரபைத் தழுவிய கூத்தம்பலம் எழுந்தது. நடனக் கரணங்கள் செதுக்கிய தூண்களும், சரிந்த உயர்கூரையும், மிழாவு என்னும் முழவுக்கெனப் பின்புறம் ஒதுக்கிய இடமும் கொண்ட இவ்வரங்கின் சிறப்பு, அது கோயில் மதிலுக்குப் புறத்தே நிற்பதுதான். கேரளக் கோயில்களிற் பெரும்பாலானவை இந்துக்களல்லாதாரை உள்ளே விடுவதில்லையாதலால், திருச்சூர் வடக்குநாதன் கோயிற் கூத்தம்பலத்தைப் பிறநாட்டார் வெளியே நின்று ஊகிக்கவே இயலும். செறுதுருத்தியிலோ எம்மதத்தாரும் விளக்கெதிரே அமர்ந்து ஆட்டங் காணலாம். இப்பிரதேசத்துக்குக் கலைவிருப்பமுடைய யாத்திரிகர் வருவதற்கு இக்கட்டடம் செய்த உபகாரம் விளம்பரங்கள் செய்ததினும் பெரிது எனலாம். கூடியாட்டத்தை 2001-இல் யுனெஸ்கோ மானிட குலத்தின் அரும்பாரம்பரியமாக அறிவித்தமை அவ்விருப்பத்தை மேலும் வளர்த்தது.

சுற்றுலாத் திட்டம்: ‘ஆசான்களோடு ஒரு நாள்’ எனும் ஏற்பாட்டின்படி, வருவோர் காலைவேளையில் பயிற்சிக்கூடங்களாகிய களரிகள்தோறும் சென்று, பாடமும் தாளப்பயிற்சியும் நடப்பதை நேரிற் காண்கின்றனர். அரங்கேறிய ஆட்டத்தைக் காட்டும் சபைகள் பலவாக, அரங்கேறுமுன் படும் பாட்டைக் காட்டுவது இதன் தனித்தன்மை. அரிசிமாவாலும் காகிதத்தாலும் முகத்தில் சுட்டி கட்டுவதற்கு நெடுநேரம் பிடிக்கும். நடிகர் அசையாது மல்லாந்து கிடக்க, கலைஞர் குனிந்து வேலைசெய்யும் அக்காட்சி, ஆட்டத்தினும் சுவையானது என்று கருதுவோரும் உண்டு. வள்ளத்தோளின் இல்லமாயிருந்த அருங்காட்சியகத்தையும், ஆற்றங்கரைப் பழைய வளாகத்திலுள்ள அவரது சமாதியையும் கண்டு செல்வது வழக்கம். கோடைவிடுமுறையில் களரிகள் இயங்குவதில்லை. திருச்சூர்ப் பூரத் திருவிழா வருவதும் அப்பருவத்திலேயே ஆதலால், பூரத்துக்கு வருங் கூட்டம் கலாமண்டலத்துக்கு அவ்வளவாகப் பயன்படுவதில்லை.

இங்கு தேர்ந்தோர் பலர் ‘கலாமண்டலம்’ என்பதைப் பெயர்முன் அடைமொழியாகத் தரித்து, கொச்சி முதலிய ஊர்களில் யாத்திரிகர்க்கென நடக்கும் சுருக்கக் கதகளி அரங்குகளில் பிழைப்புப் பெறுகின்றனர். விடியும்வரை நடந்த ஆட்டம் ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் அடங்குவது கலைக்கு ஊறு என்று ஒருசாராரும், கலைஞர் குடும்பங்களுக்கு ஆண்டு முழுதும் ஊதியம் கிடைப்பதே கலையைக் காக்கும் என்று மற்றொருசாராரும் கூறுவர். இரு பக்கத்துக்கும் சான்றுகள் உள்ளன.

அண்மைக்காலம்: 2006-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி கிட்டியது. 2021-இல் பெண்கள் முறையான கதகளிப் பயிற்சியிலும், 2024-இல் ஆண்கள் மோகினியாட்டப் பயிற்சியிலும் சேர அனுமதிக்கப்பெற்றனர்.