ஈரலைத் தாண்டி ஒரு வாய்க்கால்

கொட்டாஞ்சேனையில் நாற்பது வருடம் கடைக்கணக்கு எழுதிய என் மாமா, ஒருநாள் காலை சட்டைப் பொத்தானைக் கையில் பிடித்தபடி, அதை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். வயது எழுபத்தொன்று. குடியைத் தொடாத மனிதர். ஈரல் சுருங்கி வயிற்றில் தண்ணீர் கட்டியதால், இரண்டு கிழமைக்கொருமுறை ஊசி குத்தி வடித்துக்கொண்டிருந்தார். அதைக் குறைக்கத்தான் கழுத்து இரத்தநாளம் வழியாகப் போய் ஈரலுக்குள் ஒரு குழாய் வைத்தார்கள். தண்ணீர் வற்றியது. பொத்தான் மறந்துபோனது.

இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று தேடிக்கொண்டு போனேன். தேடல் 1877ஆம் ஆண்டு ரஷ்யாவின் சென் பீற்றர்ஸ்பேர்க்கில் போய் நின்றது.

குடலிலிருந்து புறப்படும் இரத்தம் நேரே இதயத்துக்குப் போவதில்லை. போர்ட்டல் நாளம் அதை முதலில் ஈரலுக்குக் கொண்டுபோகிறது. ஈரலுக்கு வரும் இரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு இதுதான். அமோனியா போன்ற நஞ்சுகள் அங்கே களையப்படுகின்றன. ஈரல் தழும்பேறி இறுகினால் வழி அடைபட்டு, பின்னால் அழுத்தம் ஏறும். உணவுக்குழாயின் அடியில் நாளங்கள் புடைத்து வெடித்தால் இரத்த வாந்தி. வயிற்றில் நீர் தங்கினால், நம் பழைய வைத்தியர்கள் சொன்ன மகோதரம்.

அடைபட்ட ஆற்றுக்குப் பக்கத்தில் வாய்க்கால் வெட்டுவதுபோல, ஈரலைத் தாண்டி ஒரு வழி திறந்தால் என்ன? பீற்றர்ஸ்பேர்க்கில் நிக்கொலாய் எக் என்ற இராணுவ வைத்தியர் எட்டு நாய்களில் போர்ட்டல் நாளத்தை இதயத்துக்குத் திரும்பும் பெரிய நாளத்தோடு தைத்து இணைத்தார். ஏழு நாய்கள் ஒரு கிழமைக்குள் செத்தன. எட்டாவது இரண்டரை மாதம் உயிரோடிருந்து, பிறகு ஆய்வுகூடத்தை விட்டே ஓடிவிட்டது. ஓடிப்போன அந்த ஒன்றை நம்பி, இது மகோதரத்துக்கு மருந்தாகலாம் என்று எக் எழுதினார்.

அந்த நாய் ஓடிப்போகாமல் இருந்திருந்தால் அதற்கு என்ன ஆகியிருக்கும் என்பது 1893இல் தெரிந்தது. இவான் பாவ்லோவும் கூட்டாளிகளும் அதே தையலை இன்னும் பல நாய்களில் போட்டார்கள். பிழைத்த நாய்களுக்கு இறைச்சி கொடுத்தபோது குணம் மாறியது. சீறின, தள்ளாடின, பார்வை மங்கித் தடுமாறின, வலிப்பு வந்து மயங்கின. ஈரல் களையவேண்டிய நஞ்சு, புதிய வாய்க்கால் வழியே நேரே மூளைக்குப் போயிருந்தது. மாமாவின் பொத்தானுக்கான விளக்கத்தை அன்றே எழுதிவைத்துவிட்டார்கள்.

இருந்தாலும் வைத்தியர்கள் அந்த வழியைக் கைவிடவில்லை. இரத்த வாந்தியில் ஆள் கண்முன்னே சாகும்போது எப்படிக் கைவிடுவது? 1945இல் நியூயோர்க்கில் அலன் விப்பிளும் அவரோடிருந்தவர்களும் ஷண்ட் எனப்படும் இந்த வாய்க்கால் சத்திரசிகிச்சையை மனிதருக்கு உரியதாக நிலைநிறுத்தினார்கள். இரத்தப்போக்கு நின்றது, ஆயுள் நீளவில்லை என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. பலவீனமான, வயதான உடம்பு அவ்வளவு பெரிய சத்திரசிகிச்சையைத் தாங்கவும் மாட்டாது.

வயிற்றைக் கீறாத வழி ஒரு தவறுதலில் பிறந்தது. செக் நாட்டு வைத்தியரான யோசப் ரோஷ், கலிபோர்னியாவில் கழுத்து நாளம் வழியே ஊசியை ஈரலுக்குள் விட்டு, பித்தக்குழாயைப் படம் எடுக்க முயன்றுகொண்டிருந்தார். ஊசி தவறிப் போர்ட்டல் நாளத்துக்குள் இறங்கியது. இன்னொருவர் என்றால் ஊசியை வெளியே இழுத்து வேலையைத் தொடர்ந்திருப்பார். ரோஷ் அதிலேயே ஒரு பாதையைக் கண்டார். 1969இல் நாய்களில் செய்துகாட்டிய முடிவுகளை வெளியிட்டார். ஆனால் அந்தப் பாதை திறந்தே இருக்க மறுத்தது. 1982இல் கனடாவில் கொலாபின்ரோ என்ற வைத்தியர் மனிதரில் பலூனால் விரித்துப் பார்த்தார், அதுவும் அடைத்துக்கொண்டது. ஆர்ஜென்ரீனாவின் யூலியோ பால்மாஸ் உலோக வலைக் குழாயான ஸ்டென்ட்டை உருவாக்கிய பிறகே, 1988 ஜனவரியில் ஜேர்மனியின் பிரைபேர்க்கில் அது முதன்முறையாக மனித ஈரலுக்குள் நின்றது. இன்று அதன் பெயர் டிப்ஸ். ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அதன்பின் மூளைக்குழப்பம் வருகிறது. வயது கூடக்கூட அந்த அபாயமும் கூடுகிறது.

குடிக்காதவருக்கு ஈரல் ஏன் சுருங்கவேண்டும் என்று சொந்தக்காரர் எல்லோரும் கேட்டார்கள். கொழும்புக்குப் பக்கத்து ராகமையில் 35 முதல் 64 வயதுவரையானவர்களை 2007இல் சோதித்தபோது, 32.6 சதவீதமானவர்களுக்கு, மது காரணமில்லாமலே ஈரலில் கொழுப்பு படிந்திருந்தது. அந்தக் கொழுப்பே சிலருக்கு ஈரலைச் சுருக்கிவிடும். சோற்றையும் சீனியையும் விட மனமில்லாத நமக்கு இது தூரத்துச் செய்தி அல்ல.

பொத்தான் மறந்த அன்றிலிருந்து மாமி மீனை நிறுத்தி வெறும் கஞ்சி கொடுத்தார். பாவ்லோவின் நாய்கள் சொல்லிக்கொடுத்த பாடம் அது. பல பத்தாண்டுகள் ஈரல் நோயாளிகளுக்குப் புரதம் மறுக்கப்பட்டது. அது பிழை என்று இன்றைய வைத்தியம் சொல்கிறது. தசை உருகினால் குழப்பம் கூடும். ஏனென்றால் தசையும் அமோனியாவை அப்புறப்படுத்துகிறது. மீன், முட்டை, பருப்பு கொடுங்கள், இரவு படுக்கமுன் ஏதாவது சாப்பிடட்டும், லக்டுலோஸ் பாணி கொடுத்து நாளுக்கு இரண்டு மூன்று தடவை வயிறு போகவையுங்கள் என்றார்கள் வைத்தியர்கள். குழாய் வைக்கமுன் இதையெல்லாம் விரிவாகச் சொல்லியிருந்தால் மாமி அந்தக் காலை அப்படிப் பதறியிருக்கமாட்டார்.

இப்போது வெள்ளவத்தை வீட்டில் காலைத் தேத்தண்ணிக்கு முன் ஒரு சடங்கு நடக்கிறது. "இஞ்ச, நூறாம் நம்பர் பஸ்ஸை மறியுங்கோ பாப்பம்" என்பார் மாமி. மாமா இரண்டு கைகளையும் முன்னே நீட்டி, உள்ளங்கைகளை நிமிர்த்திப் பிடிப்பார். விரல்கள் பறவைச் சிறகாய் ஒருமுறை தொய்ந்து நிமிர்ந்தால், குழப்பம் திரும்புகிறதென்று மாமி பேசாமல் வைத்தியருக்குப் போன் எடுப்பார். அசையாமல் நின்றால், முட்டையை அவிக்கப் போடுவார்.