மூவர் கூடிய அறை

சென்ற வாரம் நியூ ஜெர்சியின் ஹோபோக்கன் நகரில் 1978-இல் மேக்ஸ்வெல்ஸ் இசை விடுதி பிறந்த கதையைப் பார்த்தோம். அங்கே ஒலியமைப்பு வேலை பார்த்த ஓர் இளைஞரிடமிருந்து இந்த வாரக் கதை தொடங்குகிறது.

அவர் ஐரா கேப்லன். இசை விமர்சனமும் எழுதிவந்தவர். அசைவூட்டப்படக் கலையில் பெயர் பெற்ற ஜான் ஹப்ளி, ஃபெய்த் ஹப்ளி தம்பதியின் மகள் ஜார்ஜியா. கேப்லன் கித்தார் வாசிக்க, ஜார்ஜியா டிரம்ஸ் வாசிக்க, 1984-இல் ‘யோ லா டெங்கோ’ குழு உருவானது. பிறகு இருவரும் மணம் புரிந்துகொண்டார்கள். முதல் ஆல்பம் 1986-இல் வந்தது. பேஸ் கித்தாருக்கு மட்டும் ஆள் நிலைக்கவில்லை. பலர் வந்தார்கள், போனார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஜேம்ஸ் மெக்நியூ வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு இன்றுவரை அதே மூவர்தான்.

1993-இல் ‘பெயின்ஃபுல்’ ஆல்பத்தோடு மேட்டடார் இசைத்தட்டு நிறுவனத்துக்கு வந்தார்கள். 1997-இல் வந்த ஆல்பம் அவர்களை உலகெங்கும் கொண்டுசேர்த்தது. ஆனாலும் பெரிய மைதானங்களை நிரப்பும் நட்சத்திரங்களாக அவர்கள் ஆகவில்லை. ஏறத்தாழ இருநூறு பேர் மட்டுமே நிற்கக்கூடிய மேக்ஸ்வெல்ஸில், 2001 முதல் யூதர்களின் ஹனுக்கா பண்டிகையையொட்டி எட்டு இரவுகள் தொடர்ந்து வாசித்தார்கள். ஒவ்வோர் இரவும் வேறு பாடல்கள், முன்கூட்டி அறிவிக்காத விருந்தினர்கள். கிடைத்த பணம் அறப்பணிகளுக்குப் போனது. ஜெர்சி சிட்டியின் டபிள்யூ.எஃப்.எம்.யூ. வானொலிக்கு நிதி திரட்ட நேயர் விருப்பம்போல ஒரு நிகழ்ச்சியும் செய்தார்கள். நன்கொடை தருபவர் எந்தப் பாட்டைக் கேட்டாலும் ஒத்திகையின்றி அங்கேயே வாசிக்க முயல்வார்கள். தப்பும் தவறுமாக வந்தாலும் நிறுத்தமாட்டார்கள். ஒருவர் காதை ஒருவர் நம்பி வாசிக்கும் பழக்கம் இப்படித்தான் வேரூன்றியது.

2000-இல் வெளியான ஆல்பத்தில் இந்தக் குழு குரலைத் தாழ்த்தியது. நீண்ட மணவாழ்வின் நெருக்கமும் உரசலும் அதில் பேசப்பட்டன. அதன் கடைசிப் பாட்டு ‘நைட் ஃபால்ஸ் ஆன் ஹோபோக்கன்’, பதினேழு நிமிடங்களுக்கு மேல் நீள்வது.

2013-இல் மேக்ஸ்வெல்ஸ் மூடப்பட்டது. ஹனுக்கா இரவுகள் 2017-இல் ஆற்றைத் தாண்டி மன்ஹாட்டனின் பவுரி பால்ரூமுக்கு மாறின. பெருந்தொற்று வந்து மேடைகளும் அடைபட்டன. அப்போதும் அவர்கள் ஹோபோக்கன் ஒத்திகை அறையில் கூடி வாசித்ததைப் பதிவுசெய்து 2020-இல் வெளியிட்டார்கள்.

அந்த அறையில் பிறந்ததுதான் 2023 பிப்ரவரியில் வந்த ‘திஸ் ஸ்டுப்பிட் வேர்ல்ட்’. வெளியிலிருந்து தயாரிப்பாளர் யாரும் இல்லை. மூவரும் ஒரே நேரத்தில் வாசித்தார்கள். தாங்களே பதிவுசெய்து, தாங்களே கலவை செய்தார்கள். மொத்தம் ஒன்பது பாடல்கள். முதல் பாட்டின் தலைப்பிலேயே ஹோபோக்கனின் ஆற்றங்கரைச் சாலை இருக்கிறது. அவ்வூரில் 1915-இல் பிறந்த ஃபிராங்க் சினாட்ராவின் பெயர் தாங்கிய சாலை அது. ஏழு நிமிடங்களுக்கு மேல் டிரம்ஸும் பேஸும் அடி பிசகாமல் நடக்க, கேப்லனின் கித்தார் அவற்றின்மேல் கிழிந்து இரைகிறது. கேப்லனுக்கு அப்போது வயது அறுபத்தாறு.

ஆல்பத்தின் பொருளோ காலமும் சாவும். இழப்பு வரும், அதற்கு ஆயத்தமாக இரு என்று பாடும் குரல் நடுங்கவில்லை. ஜார்ஜியா பாடும் ‘ஆசலஸ்டைன்’ மென்மையாகத் துயரம் சொல்கிறது. பழைய வெற்றிகளைத் திரும்பப் பாடிப் பிழைக்கும் எண்ணம் எங்கும் இல்லை.

முதுமையில் இசை அடங்கிப்போகும் என்ற எண்ணத்தை இந்த ஆல்பம் பொய்யாக்குகிறது. முப்பதாண்டுகள் அதே மூவர் ஒருவரையொருவர் கேட்டு வாசித்ததால்தான், இத்தனை இரைச்சலுக்கு நடுவிலும் இவ்வளவு தெளிவாகப் பேச முடிந்தது. ஒரு குழு சேர்ந்தே இருப்பதும் ஒரு கலைச்சாதனைதான். வாசகர்கள் 2000-ஆம் ஆண்டு ஆல்பத்தின் கடைசிப் பாட்டையும் 2023 ஆல்பத்தின் முதல் பாட்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். சத்தத்தை மட்டும் குறைக்காதீர்கள்.

(தொடரும்)