ஊவாவின் களிமண்ணும் தோட்டப் பொருளாதாரமும்

மலையகத் தமிழரின் வரலாற்றை எழுத முற்பட்டோர் கங்காணி முறை பற்றியும் குடியுரிமைப் பறிப்புப் பற்றியும் விரிவாகவே எழுதியுள்ளனர். அவ்வரலாறு நிகழ்ந்த மண்ணைப் பற்றி அவர்கள் பேசியது குறைவு. மண்ணை விவசாய விஞ்ஞானிகளுக்கும் மனிதரை வரலாற்றாசிரியருக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிட்ட நமது கல்வி மரபு இதற்கு ஒரு காரணமாகலாம். பதுளை மாவட்டத்துத் தேயிலை நிலங்களைப் பொறுத்தவரை இப்பங்கீடு ஏற்புடையதன்று. அங்குள்ள மண்ணின் இன்றைய நிலையில் இயற்கைக்கு எத்துணைப் பங்கு உண்டோ, அத்துணைப் பங்கு ஒரு குறிப்பிட்ட உழைப்பு முறைக்கும் உண்டு.

பசறை, அப்புத்தளை, வெலிமடைப் பகுதிகளின் மேட்டுச் சரிவுகளிற் பரந்து காணப்படுவது செம்மஞ்சள் பொட்சோலிக் மண். மூர்மனும் பானபொக்கேயும் 1961இல் வெளியிட்ட இலங்கை மண் வகைப்பாட்டில் இடம்பெறும் முக்கிய வகைகளுள் இதுவும் ஒன்று. நெடுங்கால மழையினாற் கல்சியம், மக்னீசியம் முதலிய மூலங்கள் கழுவப்பட்டமையால் இது அமிலத்தன்மை வாய்ந்தது. மேலடுக்கிலிருந்த களியும் நீரோடு இறங்கிக் கீழடுக்கிற் படிந்துள்ளது. எனவே மேலே தோண்டுகையில் இளக்கமாகவும் கீழே செல்லச் செல்லப் பிசுபிசுப்பாகவும் இருக்கும். கரிசல்மண்ணின் களி காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் வீங்கும். இக்களியோ பெரும்பாலும் கயோலினைற்று வகையினது; அவ்வாறு வீங்குவதில்லை. ஆயின் பயிருணவைப் பற்றிவைத்திருக்கும் ஆற்றல் இதற்குக் குறைவு. இடப்படும் பொசுபேற்றையும் இதிலுள்ள இரும்பும் அலுமினியமும் பிணைத்துக்கொள்கின்றன. அமில எண் 4.5 முதல் 5.5 வரையுள்ள நிலத்தை விரும்புவதும் அலுமினியத்தைத் தாங்கிக்கொள்வதுமான தேயிலை இங்கு செழித்ததில் வியப்பில்லை. ஆனால் அச்செழிப்பின் ஆதாரம், களியின் மேற் கிடந்த சில அங்குல இலைமக்கு என்பதே ஈண்டு மனங்கொள்ளவேண்டியது. அதனை இழந்தால் எஞ்சுவது இறுகிய செம்மண் மட்டுமே.

பெருந்தோட்டத்திற்கு முன்னர் ஊவாவின் கிராமத்தவர் பள்ளத்தில் நெல்லும் சரிவிற் சேனையும் செய்தனர். பத்தனைப் புல்வெளிகளில் மாடு மேய்த்தனர். 1817-18 கிளர்ச்சியை அடக்கிய ஆங்கிலப் படைகள் பயிரையும் கால்நடையையும் அழித்தன. உறுதிப்பத்திரமற்ற நிலத்தை முடிக்குரியதாக்கிய 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் எஞ்சியதை முடித்துவைத்தது. காடு வெட்டி எரிக்கப்பட்டுக் கோப்பி வந்தது. 1869இல் தோன்றிய இலைநோயினாற் கோப்பி அழியத் தேயிலை வந்தது. லிப்ரன் தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கியது 1890இல். புகையிரதம் பதுளையை அடைந்தது 1924இல்.

இக்காலப்பகுதியில் மண்ணுக்கு நேர்ந்ததை அறியச் சொரண்டி என்னும் கருவியைக் கவனித்தால் போதும். களையைச் சுரண்டி அகற்றுவதற்கான கைக்கருவி அது. தேயிலை நிரைகளிடையே ஒரு புல்லும் தலைகாட்டாது வெறும் நிலமாக வைத்திருப்பதே நல்ல தோட்டத்தின் அடையாளமென்று துரைமார் கருதினர். மலிந்த கூலிக்கு ஆட்கள் கிடைத்தமையாற் சாத்தியமான ஒழுங்கு இது. களையெடுப்பு ஏக்கர்க்கணக்கிற் குத்தகைக்கும் விடப்பட்டது. சொரண்டி களையோடு மேல்மண்ணையும் சேர்த்தே சுரண்டியது. ஊவாவின் காலநிலை இதனை மேலும் கடுமையாக்கியது. யூன் முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட கச்சான் காற்றே ஊவாத் தேயிலைக்கு அதன் தனி மணத்தையும் ஏலச்சந்தையில் உயர்ந்த விலையையும் ஈட்டித்தருவது. அதே காற்று மூடாக்கற்ற களிநிலத்தை உலர்த்தி இறுக்கியது. ஒக்டோபரிற் பெருமழை தொடங்கியதும் அந்நிலத்தில் நீர் இறங்கவில்லை. மண்ணை வாரிக்கொண்டு ஓடியது. மூலதனத்தின் முதலாம் பாகத்தில் மார்க்ஸ், முதலாளித்துவ விவசாயத்தின் முன்னேற்றம் உழைப்பாளியையும் மண்ணையும் ஒருங்கே கொள்ளையிடும் கலையின் முன்னேற்றமென்று காட்டினார். தான் வாழும் நிலத்தின் வளத்தைத் தன் கையாலேயே சுரண்டி அகற்றுமாறு உழைப்பாளி பணிக்கப்பட்டான் என்பது ஊவா அதற்கு அளிக்கும் கசப்பான எடுத்துக்காட்டு.

ஓடிய மண் எங்கே போயிற்று? பள்ளத்துச் சிங்கள விவசாயியின் வயலிலும் ஓடையிலும் படிந்தது. தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளியையும் கிராமத்துச் சிங்கள விவசாயியையும் பகைவராக நிறுத்தும் அரசியல், இருவரையும் ஒரே மூலதனம் வறுமைப்படுத்தியமைக்கான இச்சான்றைக் காண மறுத்தே வந்துள்ளது. 1990இல் நிறைவுற்ற இரந்தம்பை நீர்த்தேக்கத்திலும் உமா ஓயா கொண்டுவரும் வண்டல் நிரம்பி வருகின்றது.

அரசு முற்றிலும் வாளாவிருந்தது என்று கூறுதல் நியாயமன்று. 1951ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கான்வெட்டுதல், சமவுயரக் கோட்டில் நடுதல், மறுநடுகைக்கு முன் குவாத்தமாலாப் புல்லை வளர்த்து மண்ணைத் தேற்றுதல் ஆகியன தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தாற் பரிந்துரைக்கப்பட்டன. ஆயினும் 1980களின் மதிப்பீடொன்று, மலையகத் தேயிலை நிலங்கள் ஒரு நூற்றாண்டிற் சராசரி 30 சென்றிமீற்றர் மேல்மண்ணை இழந்ததாகக் கூறிற்று. புல் வளரும் காலத்தில் அந்நிலம் கொழுந்து தராது. இலாபக் கணக்கு அவ்விடைவெளியை விரும்புவதில்லை. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்கள் உடைமையைத் தனியாரிடமிருந்தும் கம்பனிகளிடமிருந்தும் அரசுக்கு மாற்றின. உழைத்தவரிடம் நிலம் சேரவில்லை. 1992இல் முகாமை மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது.

2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் நீரூறிய மலைச்சரிவு பெயர்ந்து லயன்களைப் புதைத்தது. அவ்விடம் அபாயகரமானதென 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கப்பட்டவர்க்குப் பெயர்ந்து செல்லச் சொந்த நிலம் ஒரு முழமும் இருக்கவில்லை என்பதை ‘இயற்கை அனர்த்தம்’ என்னும் தொடர் மறைத்துவிடுகின்றது. அதன் பின்னரே தோட்டக் குடும்பத்திற்கு 7 பேர்ச் நிலத்தில் தனிவீடு என்னும் திட்டம் வேகங்கொண்டது.

அண்மைக்காலத்தில் கம்பனிகள் சில, தேயிலைத் துண்டுகளைத் தொழிலாளர் குடும்பங்களிடம் பராமரிக்க ஒப்படைக்கும் வெளியக உற்பத்தியாளர் முறையைப் பரப்பி வருகின்றன. இதனை நிலவுரிமையின் தொடக்கமெனச் சிலர் வரவேற்கின்றனர். உரிமைப்பத்திரம் கைமாறுவதில்லை, கொடுப்பனவு பச்சைக் கொழுந்தின் கிலோக் கணக்கில் அமைகின்றது. கானைத் தூர்வாரி, கவ்வாத்துச் சருகை நிரைகளிடையே பரப்பி, களிமண்ணின் மேல் மீண்டும் ஓர் அங்குல மக்கு சேரும்வரை உழைக்கும் நாட்கள் அக்கணக்கில் வருவதில்லை.