பெய்த மழையும் பெய்யாத மழையும்

ஐப்பசி மாதத்து மாலை. திண்ணையில் இலக்கணப் பாடம் படித்துக்கொண்டிருந்த பேரன் கேட்டான்: "தாத்தா, இடி என்பது பெயர்ச்சொல்லா, வினைச்சொல்லா?"

நான் வாயைத் திறப்பதற்குள் வானமே ஒரு முறை இடித்துவிட்டது!

"இடி கேட்டது என்றால் பெயர், வானம் இடித்தது என்றால் வினை. குளிரும் அப்படித்தான். வேற்றுமை உருபை ஏற்பது பெயர்; அதை ஏற்காமல் காலத்தோடு தோன்றுவது வினை. தொல்காப்பியர் வகுத்த வழி இது" என்றேன்.

மழை என்ற பெயருக்கு நேற்றும் இல்லை, நாளையும் இல்லை. காலமெல்லாம் 'பெய்' என்ற வினையிடம் இருக்கிறது. குடியானவனைக் கேட்டுப் பாருங்கள். பெய்தது என்றால் ஏர் பூட்டுவான். பெய்கிறது என்றால் வரப்பைப் பார்ப்பான். பெய்யும் என்றால் அந்த நம்பிக்கையில் கடன் வாங்குவான்.

பெய்த, பெய்கிற, பெய்யும் என்று காலத்துக்கு ஒரு வடிவம் உண்டு. ஆனால், 'பெய்யாத மழை' என்னும்போது முக்காலத்துக்கும் அந்த ஒரே வடிவந்தான். நேற்றும் இன்றும் நாளையும் ஒன்றாகிவிடுகின்றன.

அந்தச் சொல்லின் கொடுமையைச் சென்னை மாகாணம் 1876-ல் அறிந்தது. பருவமழை பொய்த்தது. அது தாது வருஷம். வடமொழி இலக்கணத்தில் தாது என்றால் வினைச்சொல்லின் வேர் என்றும் ஒரு பொருள் உண்டு. இதை விதியின் வேடிக்கை என்பதா?

1878 வரை நீடித்த பஞ்சத்தில் மாகாணத்தில் பல லட்சம் பேர் மாண்டனர். 1877-ன் தொடக்கத்தில் ரிச்சர்ட் டெம்பிள் நிவாரணக் கூலியைக் குறைத்தார். நாளெல்லாம் உழைக்கும் ஆணுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறிது காசுமே கிடைத்தன. உழைக்கிற உடலுக்கு இது போதாது என்று மாகாணச் சுகாதார அதிகாரியான டாக்டர் கார்னிஷ் வாதாடினார். சில மாதங்களுக்குப் பிறகே கூலி உயர்ந்தது. சென்னை நகரில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி, 1877-78-ல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டதுதான். பசித்த கைகள் வெட்டிய நீர்வழி அது.

கதையைக் கேட்டுவிட்டுப் பேரன் சிறிது நேரம் மௌனமாக இருந்தான். பிறகு, "அப்படியானால் பஞ்சம் என்பது பெயர்ச்சொல்தானே, தாத்தா?" என்றான்.

"பெயர்ச்சொல்தான், அப்பா. ஆனால் அதற்குப் பின்னால் இரண்டு வினைகள் உண்டு. வானம் பெய்யாதது ஒன்று. மனிதர் கொடுக்காதது மற்றொன்று."

வெளியே மழை பெய்யத் தொடங்கியிருந்தது.