ஸ்டாஃப் நர்ஸும் நர்ஸம்மாவும்

தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 99.6 விழுக்காடு மருத்துவ நிலையங்களிலேயே நடப்பதாக 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. கிராமப்புறத்தில் இதைச் சாத்தியமாக்கியவர்களில் இரு வகைச் செவிலியர்கள் முக்கியமானவர்கள். ஒருவர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஸ்டாஃப் நர்ஸ். மற்றவர் துணை சுகாதார நிலையத்தின் கிராம சுகாதார செவிலியர், ஊராருக்கு நர்ஸம்மா.

முன்னவர் மூன்றாண்டு டிப்ளமோவோ நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங்கோ படித்தவர். பின்னவர் ஏ.என்.எம். பயிற்சி பெற்றவர். சமவெளியில் சுமார் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம் என்பது கணக்கு. இந்த வேறுபாடுகளைவிட, ஒரே ஆபத்தை இருவரும் எப்படி எதிர்கொள்கிறார்கள் என்று பார்ப்பதே இவர்களைப் புரிந்துகொள்ள உதவும். பிரசவத்தில் தாயின் உயிரைப் பறிக்கும் காரணங்களில் தலையாயதான ரத்தப்போக்கே அந்த ஆபத்து.

ஸ்டாஃப் நர்ஸ் பகலில் ஓ.பி.யில் ஊசி போடுகிறார், புண்ணுக்குக் கட்டுப் போடுகிறார், பி.பி., சர்க்கரை பார்க்கிறார். இரவில் வலியெடுத்து வரும் பெண்ணை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் அவர்தான். குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் 10 யூனிட் ஆக்ஸிடோசின் ஊசியைத் தாய்க்குப் போட்டாக வேண்டும். கருப்பை சுருங்கினால்தான் ரத்தம் நிற்கும். அந்த நேரத்தில் கை தயங்கக்கூடாது.

நர்ஸம்மா அதே ரத்தப்போக்கோடு பல மாதங்களுக்கு முன்பே போராடத் தொடங்கிவிடுகிறார். ரத்தசோகை உள்ள பெண்ணுக்குக் கொஞ்சம் ரத்தம் போனாலும் உயிருக்கு ஆபத்து. அதனால் நாள் தள்ளிப்போனவரைத் தேடிப்போய், கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவு எண்ணான பிக்மி எண்ணுக்குப் பதிந்து, செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிப் பரிசோதனைக்கு வரவைக்கிறார். கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை பிரிக்கப்படாமல் அலமாரியில் கிடப்பதை வீட்டுக்குப் போனால்தான் பார்க்க முடியும். "குமட்டுது நர்ஸம்மா" என்பாள் மருமகள். பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்பார் மாமியார். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொள்ளச் சொல்லி மருமகளைச் சமாளித்துவிடலாம். மாமியாரை அப்படி முடியாது. அந்த வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டும், அடுத்த வாரமும் போக வேண்டும். எந்தப் பாடப்புத்தகமும் இந்தப் பொறுமையைக் கற்றுத் தருவதில்லை. புதன்கிழமை தடுப்பூசிக்கு அதே வீட்டுக் குழந்தை தவறாமல் வருவதும் இப்படி உண்டான நம்பிக்கையால்தான்.

ஸ்டாஃப் நர்ஸ் காப்பாற்றிய உயிர் ஊருக்குத் தெரிகிறது. சிக்கலே இல்லாமல் முடிந்த பிரசவத்துக்கு யார் காரணம் என்று எவரும் கேட்பதில்லை. என் பார்வையில் கடினமான வேலை நர்ஸம்மாவுடையதே.

இருவருக்கும் குறைகள் உண்டு. ஸ்டாஃப் நர்ஸ்கள் பலர் தொகுப்பூதியத்தில் சேர்ந்து, பணி நிரந்தரத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்து போராடியவர்கள். நர்ஸம்மாவை வாட்டுவது பதிவேடுகளும் கணினிப் பதிவும். பக்கத்துத் துணை நிலையம் காலியாக இருந்தால் அதன் பொறுப்பும் அவர் தலையில்தான். திண்ணையில் உட்கார்ந்து பேச வேண்டிய நேரத்தை இவை தின்றுவிடுகின்றன.

முதலில் காலியிடங்களை நிரப்ப வேண்டும். கணினிப் பதிவுக்குத் தனி ஆளைப் போட வேண்டும். தொகுப்பூதியச் செவிலியர்களை நிரந்தரமாக்க வேண்டும். அரசு இந்த மூன்றையும் தள்ளிப்போடக் கூடாது.